இயங்கு சிற்பத்தை ஓட்டுவதா, நிறுத்துவதா, மறுபடி செய்வதா?

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் கழுத்தையும் இடுப்பையும் பசை போட்டு ஒட்டிவிட்டால் அது பத்திரமாக இருக்கும். வண்ணம் உரியாது, கை உடையாது. கொலுப்படியில் அதைப் பார்க்கும் குழந்தை மட்டும் "ஏம்மா இது ஆடல?" என்று கேட்கும். மோட்டாராலோ காற்றாலோ அசையும் சிற்பத்தை அரும்பொருளகத்தில் வைக்க முனைகிறவர்களும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆடவிட்டால் தேய்கிறது, ஆடவிடாவிட்டால் சிற்பி செய்த பொருள் அங்கே இல்லை.

1960களிலும் 70களிலும் மோட்டார் வைத்துச் செய்த சிற்பங்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. அவற்றுக்குள் இருக்கும் மின்கம்பி உறையும் ரப்பர் பெல்ட்டும் கெப்பாசிட்டரும் அவ்வளவு காலம் உழைக்கச் செய்யப்பட்டவை அல்ல. புதியவற்றுக்கும் இதே பாடுதான். சாங்கி விமான நிலையத்தின் முதலாம் முனையத்தில் 2012இல் தொங்கவிட்ட 'கைனடிக் ரெயின்' படைப்பில் செம்பு பூசிய அலுமினியத் துளிகள் 1,216. ஒவ்வொரு துளிக்கும் கூரையில் தனி மோட்டார், தனி எஃகுக் கம்பி. தேயக்கூடிய இடங்களைப் பராமரிப்பவர் எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும்.

பேச்சு காற்றில் நிற்காமல் இருக்க, கற்பனையாக ஒரு சிற்பத்தை எடுத்துக்கொள்வோம். 1970 வாக்கில் சிங்கப்பூரில் செய்தது. ஆளுயரம். அமெரிக்கத் தயாரிப்பான சிறிய கியர் மோட்டார் ஒன்று ஐந்து கேம் தட்டுகளை, அதாவது தன்மேல் சாய்ந்த கோலை ஏற்றி இறக்கும் கோணல் தட்டுகளை, சுழற்றுகிறது. அவை ஆறு இரும்புக் கைகளை ஏற்றி இறக்குகின்றன. இடையில் ஒரு நைலான் பற்சக்கரம். நான்கு டங்ஸ்டன் விளக்குகள் சுவரில் நிழல் வீழ்த்துகின்றன. சிற்பி இப்போது இல்லை. குடும்பம் அதை ஓர் அரும்பொருளகத்துக்குத் தர விரும்புகிறது, அல்லது ஒரு கலைச் சங்கம் ஆறு மாதம் காட்சிக்கு வைக்க விரும்புகிறது.

அவர்கள் முன் நான்கு வழிகள் உண்டு. அசலைப் பழுதுபார்த்து ஓட்டலாம். அசலை நிறுத்தி வைத்து, அசைவைப் படமாகக் காட்டலாம். உடலை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் இயக்கத்தை மட்டும் மாற்றலாம். ஓடுவதற்கென்றே ஒரு படி, அதாவது நகல், செய்யலாம். பெரும்பாலானோர் முதலில் கையில் இருக்கும் பணத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்துவிட்டு, பிறகு சிற்பத்தைத் திறக்கிறார்கள். அது தலைகீழான வரிசை. இந்தச் சிற்பத்தில் அசைவு என்பது என்ன, எத்தனை நொடிச் சுற்று, என்ன சத்தம், எங்கே தயங்குகிறது என்பதை அளந்து எழுதிய பிறகுதான் எந்த வழி அதைக் காப்பாற்றும், எது கொல்லும் என்று சொல்ல முடியும்.

பிளக்கைச் சொருகுவதற்கு முன்

"ஒரு தடவை கரண்ட் கொடுத்துப் பார்ப்போமே" என்ற ஆசையால் எரிந்த மோட்டார்கள் நிறைய. பல ஆண்டு நின்ற மோட்டாரில் கிரீஸ் அரக்குபோல் இறுகியிருக்கும். மின்சாரம் வந்ததும் தண்டு சுழலாது. சுழலாத மோட்டார் இயல்பைவிடப் பலமடங்கு மின்னோட்டம் இழுக்கும். சில நிமிடத்தில் சுருள் கருகும். பழைய ரப்பர் உறை கம்பியை வளைத்தால் உதிர்ந்துவிடும். அந்தக் காலச் சிற்பங்கள் பலவற்றில் இரண்டு கம்பி மட்டுமே இருக்கும், இரும்பு உடலுக்கு எர்த் இருக்காது. கை வைப்பவர் உயிருக்கே ஆபத்து.

ஆகவே வரிசை இப்படி. எல்லாப் பக்கமும் படம் எடுத்து, ஒவ்வொரு கம்பிக்கும் எண் கட்டுங்கள். மோட்டாரைச் சுமையிலிருந்து கழற்றி, தண்டைக் கையால் ஒரு முழுச் சுற்று மெல்லத் திருப்புங்கள்; இறுகும் கோணத்தைப் பென்சிலால் குறியுங்கள். உலோகப் பெட்டிக்குள் அடைத்த எண்ணெய்க் கெப்பாசிட்டர் இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள்: 1970களின் இறுதிவரை செய்தவற்றில் பிசிபி என்னும் நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். சுருளுக்கும் உடலுக்கும் இடையே காப்புத்தடையை முதலில் 250 வோல்ட்டிலும், அது தேறினால் 500 வோல்ட்டிலும் அளங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே இறங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எர்த் கம்பி போட்டு, 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் வழியாகத்தான் மின்சாரம் போக வேண்டும்.

வேரியாக் என்னும் வோல்ட் மாற்றும் கருவியில் வோல்ட்டேஜை மெதுவாக ஏற்றுவது நல்லது என்று பலர் சொல்வார்கள். விளக்குக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் அது சரி. தூண்டல் மோட்டாருக்குச் சரியல்ல. பாதி வோல்ட்டில் அது சுழலாமல் நின்றபடி சூடாகும். சுமையில்லாமல், தகுந்த ஃபியூஸோடு, முழு வோல்ட்டில் பத்து நொடி ஓட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு.

ஓடுகிறது என்றால் அப்போதே அளக்க வேண்டும். ஒளி எதிரொலிக்கும் ஒட்டுத்தாள் ஒரு துண்டு, ஒளி டாக்கோமீட்டர் ஒன்று. ஒவ்வொரு தண்டின் வேகமும் வந்துவிடும். கைகளின் அசைவை நொடிக்கு 240 படச்சட்டத்தில் மூன்று பக்கமிருந்து எடுங்கள். இங்குள்ள மின்விளக்குகள் பல நொடிக்கு 100 முறை துடிப்பதால் படத்தில் கோடு விழும். பேட்டரி விளக்கு வைத்தால் விழாது. ஒலியைத் தனிக் கருவியில் பதியுங்கள். கிளம்பி முழு வேகம் பிடிக்க எத்தனை நொடி, நிறுத்தியபின் ஓய எத்தனை நொடி, இழுக்கும் மின்னோட்டம், முப்பது நிமிடம் ஓடியபின் மோட்டார் உறையின் வெப்பம்: இந்த நான்கையும் எழுதிவைத்தால் அடுத்த ஆண்டு தேய்மானத்தைக் கண்டுபிடிக்க அவையே அளவுகோல்.

ஓடாத சிற்பத்துக்கும் நாடித்துடிப்பு உண்டு, கணக்குப் போட வேண்டும். நம் சிற்பத்தின் மோட்டார் தகட்டில் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 6 சுற்று என்று இருப்பதாகக் கொள்வோம். அது ஒத்தியங்கு மோட்டார்; மின்சாரத்தின் அதிர்வெண்தான் அதன் வேகம். 12 பல் சக்கரம் 60 பல் சக்கரத்தைச் சுழற்றினால் கேம் தண்டு நிமிடத்துக்கு 1.2 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 50 நொடி. ஆனால் சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்தாலும் அதிர்வெண் மாறாது. மோட்டார் 5 சுற்றுதான் சுழலும். கேம் தண்டு 60 நொடி எடுத்துக்கொள்ளும்.

எது சரி? தகட்டுக் கணக்கு 50 நொடி என்கிறது. சிற்பி இங்கே தன் பட்டறையில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டது 60 நொடி என்றால், 60 நொடிதான் படைப்பு. பழைய குடும்பப் படச்சுருளோ கண்காட்சிக் குறிப்போ இருந்தால் முடிவு எளிது. இதை விசாரிக்காமல் "சரியான" அதிர்வெண் கொடுக்கும் கருவியை வாங்கி மாட்டினால், சிற்பி ஒருநாளும் பார்த்திராத வேகத்தில் அவருடைய சிற்பத்தை ஓட்டுவோம். 60 நொடியே படைப்பு என்று முடிவானால் இன்னொரு திருத்தம் தேவை: 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் 115 வோல்ட் கொடுத்தால் இரும்பு நிரம்பிச் சூடேறும். வோல்ட்டையும் அதே விகிதத்தில், ஏறத்தாழ 96க்கு இறக்க வேண்டும்.

அசலையே பழுதுபார்த்து ஓட்டுவது

பார்வையாளருக்கு இதைவிட நிறைவான வழி கிடையாது. அந்த மோட்டாரின் முனகல், அந்தக் கேம் தட்டின் 'டக்', எல்லாம் சிற்பி கேட்டவையே. விலை தேய்மானத்தில் கொடுக்கப்படும், அதைக் கணக்கிடலாம்.

காலை 10 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும் அரங்கு, ஆண்டுக்கு 360 நாள்: 3,240 மணி நேரம். கரித்தூரிகை வைத்த சிறு மோட்டார் பொதுவாக ஆயிரத்திலிருந்து மூவாயிரம் மணிவரை உழைக்கும். இடைவிடாமல் ஓட்டினால் முதல் ஆண்டே அதன் ஆயுள் முடிந்துவிடும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு நிமிடம் மட்டும் என்று வைத்தால் நாளுக்கு 36 ஓட்டம், 72 நிமிடம், ஆண்டுக்கு 432 மணி. பாசல் நகரில் 1996இல் திறந்த டிங்கெலி அரும்பொருளகம் தன் இயந்திரச் சிற்பங்களை இப்படித்தான் நடத்துகிறது: பார்வையாளர் பொத்தானை அழுத்தினால் ஓடும், பிறகு கட்டாய ஓய்வு.

ஓய்வு முறையிலும் ஒரு கண்ணி உண்டு. ஆண்டுக்கு 12,960 முறை கிளம்புகிறது. கிளம்பும் கணத்தில்தான் பற்சக்கரத்துக்கு அடி விழுகிறது, சுவிட்ச் முனையில் பொறி பறக்கிறது. மணிக்கணக்கோடு கிளம்பும் எண்ணிக்கையையும் காட்டும் கருவி வைப்பது அவசியம். கேம் சுவிட்ச் முனைகளுக்குக் குறுக்கே 100 ஓம் தடையும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராகப் போட்டால் பொறி அடங்கும். மின்வழி நேரடியாக வரும் இடத்தில் அதற்கென்று தரச்சான்று பெற்ற பாதுகாப்பு வகையே வாங்க வேண்டும். பின்னாளில் வெட்டி எடுத்துவிடலாம், சிற்பத்தில் வடு இருக்காது.

எண்ணெய் விஷயத்தில் பொறுமை தேவை. இறுகிய கிரீஸை ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் எடுங்கள், வண்ணம் பூசிய பகுதியில் படாமல். வெண்கலத் துகள் புஷ்ஷுக்குள் எண்ணெய் ஊறியிருக்க வேண்டும். மேலே ஒரு சொட்டு விட்டால் போதாது, கழற்றி வெதுவெதுப்பான எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் தெளிப்பு எண்ணெய் சில வாரத்துக்குச் சத்தத்தைக் குறைக்கும். அதற்குள் நல்ல எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

இனி ஈரப்பதம். சிங்கப்பூரின் வெளிக்காற்றில் சராசரி ஈரப்பதம் 82 சதவீதம். குளிரூட்டிய அரங்கில் 50 முதல் 60. நைலான் அறைக்காற்றிலிருந்தே தன் எடையில் இரண்டரை சதவீதம் அளவுக்கு ஈரம் குடித்து உப்பும், வெளிக்காற்றில் இன்னும் அதிகம். குளிர்நாட்டில் சரியாகப் பொருந்திய பற்சக்கரம் இங்கே இறுகிப் பல் நறநறக்கும். தண்டில் இறுக்கிப் பொருத்திய பழைய நைலான் அச்சிலிருந்து வெளிநோக்கி வெடிக்கும். மாற்றுச் சக்கரம் வெட்டும்போது அசிட்டால் என்னும் பிளாஸ்டிக்கைக் கேளுங்கள், அது குடிக்கும் ஈரம் அரை சதவீதத்துக்கும் கீழே. பாலியூரித்தேன் பெல்ட் வாங்கும்போதும் பாலியீதர் வகையா, பாலியெஸ்டர் வகையா என்று கேட்க வேண்டும். பாலியெஸ்டர் வகை நம் ஊர்க் காற்றில் சில ஆண்டுகளில் வெல்லப்பாகுபோல் பிசுபிசுக்கும். குளிர்நாட்டிலிருந்து வந்த சிற்பத்தைப் பெட்டியைத் திறக்காமலே ஒரு நாள் அரங்கில் வைத்திருப்பதும் இதற்காகத்தான், இல்லாவிட்டால் எஃகில் வியர்வை பூத்துத் துரு பிடிக்கும்.

கழற்றிய எந்தப் பாகத்தையும் எறியக்கூடாது. வெடித்த நைலான் சக்கரமும் உறையில், தேதியோடு, கழற்றிய இடத்தின் படத்தோடு சிற்பத்தின் கோப்புக்குள் போக வேண்டும். நாளை ஒருவர் பல் வடிவத்தைச் சரிபார்க்க அது ஒன்றுதான் சாட்சி.

நிறுத்தி வைத்துப் படம் காட்டுவது

மலிவு, பாதுகாப்பு, எளிது. சில சிற்பங்களுக்கு இதுவே நியாயம்: நொறுங்கும் நிலையில் உள்ள பழைய பிளாஸ்டிக், விரிசல் விட்ட வார்ப்பு, பாதரச சுவிட்ச். ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதற்கு சிற்பி நாவ்ம் காபோவின் 1919–20 'நிலை அலை' ஒன்றே போதும். மின்காந்தம் ஒரு உலோகக் கம்பியைத் துடிக்கவைக்கிறது. துடிப்பில் காற்றில் ஒரு வளைந்த உருவம் எழுகிறது. நின்றுவிட்டால் மேசைமேல் ஒரு நிமிர்ந்த கம்பி, அவ்வளவுதான். லண்டன் டேட் அரும்பொருளகம் அதற்கு 1985இல் ஒரு படி செய்துவைத்திருக்கிறது.

இந்த வழியைத் தேர்ந்தால் படத்தைக் கைப்பேசி அளவில் ஒரு மூலையில் ஓடவிடாதீர்கள். சிற்பத்தின் அதே அளவில், அதே உயரத்தில், ஒலியோடு, ஒரு முழுச் சுற்று வெட்டில்லாமல் ஓட வேண்டும். காற்றில் ஆடும் தொங்கு சிற்பங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அரங்கின் குளிர்காற்று வாயிலை அவற்றின்மேல் நேராக அடிக்காமல் சற்றுத் திருப்பினால் அவை தாமே மெல்ல அசையும். கொக்கியும் வளையமும் உராயும் இடத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்துவந்தால் போதும்.

உடல் பழையது, இயக்கம் புதியது

பொறியாளர்கள் உடனே கை தூக்கும் வழி இது. பழைய மோட்டாரை எடுத்துவிட்டு, நிலையுணரி வைத்த தூரிகையற்ற மோட்டாரும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையும் வைத்துவிட்டால் பத்தாயிரம் மணி நேரம் கவலை இல்லை என்பார்கள். மோட்டாரைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. சிற்பத்தைப் பற்றி இன்னும் விசாரிக்க வேண்டும்.

ஊர்க் கோயில்களில் பூசை நேரத்தில் முழங்கும் மின்மேளத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு மோட்டார், ஒரு தண்டு, முரசும் மணியும் சேகண்டியும். கோல் முரசில் விழும் கணத்தில் மோட்டார் சற்றுத் திணறும், மணி அந்த இடைவெளியில் முந்தும். அந்தத் திணறல்தான் அதன் தாளம். துளியும் வேகம் மாறாத மோட்டாரை வைத்தால் சத்தம் வரும், அந்தத் தாளம் வராது. சுமைக்கேற்ப வேகம் தளரும் தூண்டல் மோட்டாரில் ஓடிய சிற்பங்களுக்கும் இதே கதி. கைகள் மேலே ஏறும்போது தயங்கி, இறங்கும்போது சறுக்கியது எல்லாம் நேர்க்கோடாகிவிடும். 240 படச்சட்டப் பதிவு கையில் இருந்தால் ஒவ்வொரு 5 பாகைக்கும் வேகத்தை எடுத்துப் பலகைக்குள் எழுதலாம். பதிவு இல்லையென்றால் இந்த வழியைத் தொடாமல் இருப்பதே மேல். நம் கற்பனைச் சிற்பத்தில் ஒத்தியங்கு மோட்டார் என்பதால் இந்தச் சிக்கல் குறைவு, அதன் வேகம் சுமைக்குத் தளராது. ஆனாலும் சிறு சிறு அடியாகத் தாவிச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் வைத்தால் அதன் மெல்லிய ரீங்காரம் இரும்புக் கைகளில் ஏறி ஒலிக்கும்.

விளக்கும் இப்படியே. எல்இடி குண்டு அதே வெளிச்சம், அதே 2,700 கெல்வின் நிறம் தரலாம். ஆனால் தெளிந்த கண்ணாடிக் குண்டுக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை மிகச் சிறியது, அதனால் நிழலின் விளிம்பு கத்திபோல் விழும். பால்நிறக் கவசம் போட்ட எல்இடியில் நிழல் புகையாகும். நிழலே படைப்பின் பாதி என்றால் பழைய வகைக் குண்டுகளை இன்றே வாங்கிச் சேமிப்பதும், ஒற்றைச் சில்லு எல்இடியை இழை இருந்த இடத்திலேயே நிறுத்திச் சோதிப்பதும்தான் வழி.

இந்த வழியின் பலத்தைக் காட்டுவது எட்வர்ட் இக்னாடோவிச் செய்த 'சென்ஸ்டர்'. ஃபிலிப்ஸ் நிறுவனத்துக்காக 1970இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் நிறுவியது. ஒலிக்கும் அசைவுக்கும் தலை திருப்பிய கணினிச் சிற்பம். அடுத்த சில ஆண்டுகளில் பிரித்துவிட்டார்கள். கணினி போனது, எஃகு எலும்புக்கூடு தப்பியது. 2017இல் போலந்தின் கிராக்கோவில் உள்ள ஏஜிஹெச் பல்கலைக்கழகம் அதை வாங்கிப் புதிய கட்டுப்பாட்டோடு மீண்டும் அசையவைத்தது. இரும்பு தங்கும், மின்னணு முதலில் சாகும். நீங்கள் இன்று வைக்கும் பலகையும் அப்படியே சாகும். நிரலின் மூலவடிவம், மின்வரைபடம், பாகப் பட்டியல் மூன்றையும் தாளில் அச்சிட்டு, உதிரிப் பலகை இரண்டோடு கோப்பில் வைத்தால் அடுத்தவர் பிழைப்பார்.

புதிய மோட்டாருக்காகச் சிற்பத்தில் ஒரு துளையும் போடக்கூடாது. பழைய மோட்டாரின் அதே நான்கு துளைகளில் இடைத்தகடு ஒன்றைப் பொருத்தி, புதியதை அதில் மாட்டுவதே முறை.

ஓடுவதற்கென்று ஒரு படி

கலைஞர் மொஹோலி-நாட்ஜ் 1930இல் முடித்த ஒளிக்கருவியின் அசல் அமெரிக்காவில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பல பழுதுபார்ப்புகளில் பாகங்கள் மாறிய பொருள் அது. 1970இல் படிகள் செய்தார்கள், 2006இல் இன்னொன்று. பிற ஊர்க் கண்காட்சிகளில் படிகள் சுழன்று நிழல் வீசும்போது அசல் களைப்பில்லாமல் இருக்கிறது. அடிக்கடி ஓட வேண்டிய, ஊர் ஊராகப் போக வேண்டிய சிற்பத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு தெரியவில்லை.

செலவு இரும்பிலும் மோட்டாரிலும் அல்ல, அளப்பதில். உதாரணத்துக்குப் பற்சக்கரம்: வெளிவிட்டத்தை, பல் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டிய எண்ணால் வகுத்தால் பல்லின் அளவைச் சொல்லும் எண்ணான மாட்யூல் வரும். 48 பல், 50 மி.மீ. என்றால் மாட்யூல் 1. அங்குல முறையில் வெட்டிய அமெரிக்கச் சக்கரம் ஒன்றில் அதே 48 பல்லுக்கு 52.9 மி.மீ. வரும், வகுத்தால் 1.058. பட்டறைக்காரர் அதை 1 என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடுவார், சக்கரம் பழையதோடு கடிக்காது. அது அங்குல முறையின் 24 பிட்ச் (விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 24 பல்), அப்படியே சொல்லிக் கேட்க வேண்டும். திருகிலும் ஒரு கண்ணி: கால் அங்குலத் திருகுக்கு அமெரிக்க முறையிலும் பிரிட்டிஷ் விட்வொர்த் முறையிலும் அங்குலத்துக்கு 20 புரிதான். ஆனால் புரியின் கோணம் ஒன்றில் 60 பாகை, மற்றதில் 55. உள்ளே போகும், இறுகியதுபோலும் தெரியும், அதிர்வில் கழன்றுவிடும்.

பாகங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. மின்னணுச் சாமான்களுக்கு ஜாலான் புசார் சிம் லிம் டவர், கடைசலுக்கும் லேசர் வெட்டுக்கும் ஊபி, காக்கி புக்கிட் பட்டறைகள். 8 மி.மீ. துளை, 22 மி.மீ. வெளிவிட்டம், 7 மி.மீ. தடிமன் கொண்ட 608 பேரிங் போன்ற பொதுப் பாகங்களைச் சுற்றிப் படியை வடிவமைத்தால் இருபது ஆண்டு கழித்தும் உதிரி கிடைக்கும். அசலில் வேறு அளவு இருந்தால் வெளியே தெரியாத இடத்தில் மட்டும் மாற்றுங்கள்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. சிங்கப்பூரில் பதிப்புரிமை படைப்பாளியின் வாழ்நாளுக்குப் பின் 70 ஆண்டு. சிற்பத்தைக் கொடுத்த குடும்பத்திடம் பதிப்புரிமையும் இருக்கிறதா, படி செய்ய எழுத்தில் ஒப்புதல் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி படைப்பாளியின் பெயரைச் சொல்வதும் கடமை. படியின் அடியில், அழியாத எழுத்தில், செய்த ஆண்டும் 'காட்சிப் படி' என்ற சொல்லும் பொறிக்க வேண்டும். காட்சிப் பலகையில் இரண்டு ஆண்டுகளும் வர வேண்டும்.

அசலே இல்லாதபோது? நியூசிலாந்துச் சிற்பி லென் லை 1980இல் மறைந்தார். அவர் கனவு கண்ட அளவில் செய்ய அன்றைய பொருள்கள் இடம் கொடுக்கவில்லை. அவர் விட்டுச்சென்ற வரைபடங்களையும் மாதிரிகளையும் வைத்து, அவர் பெயரிலான அறக்கட்டளையின் மேற்பார்வையில், நியூசிலாந்தின் நியூ பிளிமத் கடற்கரையில் 45 மீட்டர் உயர 'காற்றுக்கோல்' எழுந்தது. இதற்குத் துணிவு வர ஆவணமும் அதிகாரமும் இரண்டும் வேண்டும். பழைய படம் ஒன்றும் நினைவும் மட்டும் இருந்தால், செய்வதற்கு 'மறுவாக்கம்' என்று பெயரிட்டு, எந்தப் பாகம் ஊகம் என்பதைப் பார்வையாளருக்கு அங்கேயே சொல்லிவிடுங்கள்.

எந்த வழியானாலும் இங்கே தேவைப்படுபவை

அரங்கின் நிலையான மின் இணைப்பைத் தொட உரிமம் பெற்ற மின் பணியாளர் வேண்டும். மக்கள் தலைக்கு மேல் தொங்குவதற்குப் பதிவுபெற்ற பொறியாளரின் கணக்கும் கையொப்பமும் வாங்குங்கள். தொங்கு கம்பியின் முறிவுத் தாங்குதிறன் சுமையைப்போல் பத்து மடங்காவது இருக்கும்படி எடுப்பதும், கப்பியின் விட்டம் கம்பி விட்டத்தைப்போல் இருபது மடங்குக்குக் குறையாமல் பார்ப்பதும் நல்ல வழக்கம். சிறு கப்பியில் மடங்கி மடங்கிக் கம்பி உள்ளிழையிலிருந்து அறும், வெளியே தெரியாது.

தடுப்பைச் சிறுவர் கை நீண்டாலும் எட்டாத தூரத்தில் வையுங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் காவலர் நிற்கும் இடத்தில் இருக்கட்டும். மின்தடை நீங்கியதும் சிற்பம் தானாகக் கிளம்பக்கூடாது. யாராவது உள்ளே கைவிட்டுச் சரிசெய்துகொண்டிருக்கலாம். மின்சாரம் போனால் விடுபட்டு, கையால் அழுத்தினால் மட்டும் பிடிக்கும் ரிலே ஒன்று போதும்.

நம் சிற்பத்துக்கு

சிற்பி கண்ட வேகம் 60 நொடிச் சுற்றுதான் என்று கொள்வோம். கலைச் சங்கத்தின் ஆறு மாதக் கண்காட்சிக்கு, அசலைப் பழுதுபார்த்து ஓட்டும் வழியே சரி. அசிட்டால் சக்கரம், புது மின்கம்பி, எர்த், 96 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், பதினைந்து நிமிடத்துக்கு இரண்டு நிமிட ஓட்டம். ஆறு மாதத்தில் 216 மணி நேரம். நல்ல நிலையில் உள்ள ஒத்தியங்கு மோட்டாருக்கு அது பெரிய சுமையல்ல. படி செய்ய அவர்களுக்குக் காலமும் போதாது. இயக்கத்தை மாற்றும் வழியை இந்தச் சிற்பத்துக்கு எடுக்கவே வேண்டாம்: மோட்டார் நலமாக இருக்கும்போது அதை மாற்றுவது வசதிக்காகச் செய்யும் அறுவைச் சிகிச்சை.

நிரந்தரக் காட்சிக்கு எடுக்கும் அரும்பொருளகம் படி செய்ய வேண்டும், தயங்கவே கூடாது. படி நாள்தோறும் ஓடட்டும், பக்கத்தில் அசல் நிற்கட்டும். மாதத்தின் முதல் சனிக்கிழமை, பார்வையாளர் முன்னிலையில், அசலைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள்: அதற்குள் பத்து முழுச் சுற்று வரும், பேரிங்கில் எண்ணெய் பரவும். அன்று டாக்கோமீட்டர் அளவு, மின்னோட்டம், மோட்டார் உறையின் வெப்பம் மூன்றையும் தேதியிட்டு எழுதுங்கள். கேம் தண்டின் சுற்று 60 நொடியிலிருந்து ஒரு நொடி விலகினாலும் மோட்டாரை நிறுத்தி, எது இறுகுகிறது என்று பாருங்கள். ஒத்தியங்கு மோட்டார் வேகம் இழப்பது அது பிடியை விடத் தொடங்கியதன் அறிகுறி, அடுத்த மாதம் வரை காத்திருக்காது.